கியர் வண்டி ஓட்டக் கற்போர் அறிய வேண்டியவை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையில், சிற்றாற்றின் நீர்வளத்தால் செழித்த வயல்கள் சூழ அமைந்துள்ள ஊர் இலஞ்சி. குமரன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரில், வயலுக்கு ஏரும் சந்தைக்கு மாட்டு வண்டியும் மட்டுமே சென்ற காலம் மாறிவிட்டது. உழவுக்கு டிராக்டர், விளைபொருளை ஏற்றிச் செல்லச் சுமை வண்டி, குடும்பத்துக்கு ஒரு கார் என மோட்டார் வாகனங்கள் நாட்டுப்புற வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டன. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கியதும் அருவிகளை நாடி வருவோரின் வண்டிகளும் இவ்வட்டாரச் சாலைகளில் நிறைந்துவிடுகின்றன. மேற்கே, தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரளத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 உள்ளது. ஆகவே, இப்பகுதியில் வண்டி ஓட்டக் கற்பவர் ஒருவர் வயற்பாதை, கடைவீதி, மழையில் நனைந்த சாலை, மலைச் சாலை ஆகிய நான்கையும் ஒரே நாளில் சந்திக்க நேரலாம். நான்குக்கும் ஏற்ற பயிற்சி அவருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் மாண்டவர்கள் மட்டும் 17,884 பேர். இவ்வுயிர்களில் பல, குடும்பத்துக்குச் சோறு போடும் வயதில் இருந்தவர்களுடையவை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் தானே ஓட்டத் துணிவதைப் பயிற்சி என்று கூற இயலாது. காரண காரியம் அறிந்து கற்றால்தான் வித்தை கைவரும். இடுக்கண் வந்தபோதும் கை தவறாது. அவ்வகையில் கியர் வண்டியின் அமைப்பையும் அதை ஓட்டும் முறையையும் இங்கே விளக்குவோம்.

கிளட்ச் எதற்காக?

மோட்டார் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. அது தானாக நின்ற நிலையிலிருந்து புறப்படாது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வலு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் சுழன்றுகொண்டிருக்கும். சக்கரமோ அசையாது நிற்கிறது. சுழலும் எஞ்சினையும் அசையாத சக்கரத்தையும் திடீரெனப் பூட்டினால் என்ன ஆகும்? வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, எஞ்சின் நின்றுவிடும். புதிதாகக் கற்போர் ஒவ்வொருவரும் முதல் நாளில் காண்பது இதுவே.

இவ்விரண்டையும் மெல்ல மெல்ல இணைப்பதற்காக அமைந்ததே கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்றும், அதன்மீது வில்லின் விசையால் அழுத்தப்படும் தட்டு ஒன்றும் இதில் உள்ளன. தட்டின் இரு பக்கங்களிலும் எளிதில் வழுக்காத உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டிருக்கும். இடது காலால் கிளட்ச் மிதியை அழுத்தினால் தட்டு விலகி, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது. காலை மெதுவாக எடுத்தால் தட்டு முதலில் வழுக்கி, பிறகு சிறிது சிறிதாகப் பற்றி, இறுதியில் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. அவ்வாறு பற்றத் தொடங்கும் இடத்தைக் காலால் உணர்ந்து கொள்வதே ஓட்டக் கற்பதில் முதற் பாடமாகும். அவ்விடத்தில் எஞ்சினின் ஒலி சற்றே கனத்து இறங்கும். வண்டியின் முன்பக்கம் இலேசாக எழும். இவ்வடையாளங்களைக் காதாலும் உடலாலும் அறியப் பழகியவருக்குப் பின்னர் எல்லாம் எளிது.

கியர் எதற்காக?

இரட்டை மாடு பூட்டிய பார வண்டி சமதரையில் நன்றாக நடக்கும்; மேட்டில் ஏறும்போது நடை தளர்ந்து, ஒவ்வோர் அடியிலும் முழு வலுவையும் செலுத்தும். எஞ்சினுக்கும் நாம் அத்தகைய வசதி செய்து கொடுக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டவும், வலுவைக் குறைத்து வேகத்தைக் கூட்டவும் பயன்படும் பற்சக்கரத் தொகுதியே கியர்ப் பெட்டி. சாதாரணக் காரில் முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. உச்ச கியரிலோ மூன்று அல்லது நான்கு முறை சுற்றினால் போதும். முன்னதில் வலு மிகுதி, வேகம் குறைவு. பின்னதில் வேகம் மிகுதி, வலு குறைவு.

இதன் தேவையை உலகம் உணர்ந்த வரலாறு சுவையானது. ஜெர்மனியில் முதன்முதலாக மோட்டார் காருக்கு 1886-இல் காப்புரிமை பெற்றவர் கார்ல் பென்ஸ். அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தம் இரு புதல்வர்களுடன் அவ்வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். வழியில் மேடுகள் வந்தபோது எஞ்சினுக்கு வலுப் போதாமல் வண்டியைத் தள்ள வேண்டியதாயிற்று. அவ்வனுபவத்தின் பயனாக, மேடு ஏறுவதற்கென்றே தாழ்ந்த கியர் ஒன்று பிற்பாடு சேர்க்கப்பட்டது. வண்டியை ஓட்டிப் பார்த்த பெண்மணி ஒருவரின் அனுபவம் அதை அமைத்தவரின் வேலையைத் திருத்தியது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பயிற்சியின் படிகள்

முதற் பயிற்சியைச் சாலையில் செய்யலாகாது. அறுவடை முடிந்த களம், பயன்பாட்டில் இல்லாத சமமான திடல் போன்ற இடமே ஏற்றது. கற்பிப்பவர் அருகில் இருக்க வேண்டும். ஆடு மாடும் குழந்தைகளும் அணுகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, இருக்கையைச் சரிசெய்து, கிளட்ச் மிதியை அடிவரை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். பக்கக் கண்ணாடிகளையும் உட்கண்ணாடியையும் திருத்தி, இருக்கைப் பட்டையை அணியுங்கள். எஞ்சினை இயக்குமுன் கியர் நியூட்ரலில் உள்ளதா, ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டுள்ளதா என்று சோதியுங்கள்.

இரண்டாவதாக, கிளட்சை முழுதும் அழுத்தி முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கிளட்சை மிக மெதுவாக எடுங்கள். சமதரையில் பெரும்பாலான கார்கள் எஞ்சினின் இயல்பான ஓட்டத்திலேயே நகரத் தொடங்கிவிடும். நகர்ந்தவுடன் மீண்டும் அழுத்தி நிறுத்துங்கள். இதனை இருபது முப்பது முறை செய்தால் கிளட்ச் பற்றும் இடம் காலுக்குப் பழகிவிடும். அதன் பின்னரே ஆக்ஸிலேட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, கியர் மாற்றுதல். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தல், கிளட்சை அழுத்தல், கியரை மாற்றல், கிளட்சை மெதுவாக விடல் என்பது வரிசை. சாதாரணக் காரில் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியருக்கும், 30 அளவில் மூன்றாவதற்கும், 45 அளவில் நான்காவதற்கும் மாறலாம். இவ்வளவுகள் வண்டிக்கு வண்டி சற்று மாறுபடும். எண்ணைப் பார்ப்பதைவிட ஒலியைக் கேட்பதே சிறந்தது. எஞ்சின் முக்கினால் கியரைக் குறைக்க வேண்டும். அலறினால் கூட்ட வேண்டும். கியர்த் தண்டைக் குனிந்து பார்த்துப் போடும் பழக்கம் கூடாது. கண் சாலையிலேயே இருக்க வேண்டும். பின்செல்லும் கியரை வண்டி முற்றிலும் நின்ற பிறகே போட வேண்டும்.

நான்காவதாக, நிறுத்துதல். பலர் பிரேக்கை மிதிக்கும்போதே கிளட்சையும் அழுத்திவிடுகின்றனர். இது தவறு. எஞ்சின் சக்கரத்தோடு இணைந்திருக்கும் வரை அதுவும் வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்த உதவுகிறது. ஆகவே முதலில் பிரேக். வண்டி நிற்கும் தறுவாயில்தான் கிளட்ச்.

ஐந்தாவதாக, மேட்டில் புறப்படுதல். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, சிறிது ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பற்றும் இடம் வரை காலை உயர்த்துங்கள். வண்டி முன்னே செல்ல முயலும் உணர்வு தெரிந்தவுடன் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி ஓர் அங்குலமும் பின்வாங்காது. கிளட்சைப் பாதி அழுத்தியபடியே மேட்டில் வண்டியைத் தாங்கி நிற்பதும், ஓடும்போது கிளட்ச் மிதிமீது காலை ஊன்றி வைப்பதும் தட்டை உரசித் தேய்த்துவிடும். கருகிய வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை.

மலை இறக்கத்தில் உயிர் காக்கும் விதி

புளியரைக்கு மேற்கே நெடுஞ்சாலை மலையில் வளைந்து ஏறுகிறது. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளும் அங்கிருந்து திரும்பும் வண்டிகளும் இரவு பகலாக இவ்வழியே செல்கின்றன. இறக்கத்தில் எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருட்டுவோர் உளர். இதைவிடக் கொடிய தவறு வேறில்லை.

காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், உராய்வில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 15,000 கிலோ எடையுள்ள லாரியாயின் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இவ்வெப்பம் முழுவதும் சில பிரேக் கட்டைகளில் சேர்ந்தால், அவை பற்றும் தன்மையை இழக்கின்றன. பிரேக் எண்ணெயும் கொதித்து ஆவியாகக் கூடும். அப்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

மலைச் சாலை பழகிய ஓட்டுநர்கள் வழிவழியாகக் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: எந்தக் கியரில் அம்மேட்டை ஏறுவாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் மிஞ்சிய பின் குறைக்க முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவது அதனினும் கேடு. பிரேக்குக்குத் துணை செய்யும் விசை தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். குறுகலான மலைச் சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

சாரல் காலத்தில்

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் தூறலில், சாலையிலுள்ள எண்ணெய்ப் பசையும் தூசியும் குழைந்து வழுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அபாயத்தைக் கண்டு கால் பிரேக்குக்குச் செல்வதற்குள்ளேயே இத்தூரம் கழிந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே மழையில் வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விட்டுச் செல்லுங்கள். தேங்கிய நீரைக் கடந்தபின் பிரேக்கை இலேசாக இரண்டு மூன்று முறை தொட்டு ஈரத்தைப் போக்குங்கள். தரைப்பாலத்தின் மீது வெள்ளம் ஓடும்போது, ஆழம் தெரிந்தது போலத் தோன்றினாலும் இறங்க வேண்டாம்.

டிராக்டர் ஓட்டுவோருக்கு

கார் ஓட்டத் தெரிந்தவருக்கு டிராக்டர் தானாகவே கைவந்துவிடும் என்று எண்ணலாகாது. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக, டிராக்டரின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் மிதிகள் உள்ளன. சாலைக்கு வருமுன் இவ்விரு மிதிகளையும் கொண்டியால் இணைத்துவிட வேண்டும். இணைக்க மறந்து, சாலையில் வேகமாகச் செல்லும்போது ஒரு மிதியை மட்டும் அழுத்தினால், ஒரு சக்கரம் மட்டும் நின்று டிராக்டர் சுழன்று கவிழ்ந்துவிடும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றுதல் எளிதன்று. ஏற்றத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற கியரை நின்ற நிலையிலேயே தேர்ந்து புறப்படுவதே நலம். பாரத்தைக் கொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால், டிராக்டரின் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடக் கூடும். மட்கார்டின்மீது பிள்ளைகளை உட்கார வைத்துச் செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். கரும்போ வைக்கோலோ ஏற்றி இருட்டில் செல்லும் டிரெய்லரின் பின்புறத்தில் ஒளி காட்டும் சிவப்புப் பட்டைகளும் விளக்கும் இல்லாவிடில், பின்னே வருபவருக்கு அது இருப்பதே தெரியாது.

இயந்திரங்களை முறையாகக் கற்பிக்க நம் நாடு நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-இலேயே டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. தென்னாட்டவருக்கென ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னேயில் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் அமைந்துள்ளது. நம் மாநிலத்தில் பண்ணை இயந்திரங்கள் பற்றிய ஆலோசனைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகங்களை அணுகலாம்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவரே கார், டிராக்டர் ஆகியவற்றுக்கு உரிமம் பெறலாம். முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். மக்கள் வழக்கில் இது எல்.எல்.ஆர். எனப்படும். இது 6 மாதங்களுக்குச் செல்லும். இதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். பழகும் காலத்தில், உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும்படி அருகில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் ஆங்கில ‘எல்’ எழுத்தைக் காட்ட வேண்டும்.

சிறுவரிடம் வண்டியைக் கொடுப்போர், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தை அறிதல் அவசியம். உரிமம் பெறாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. அன்றியும், உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுத் தொகை இறுதியில் உரிமையாளரின் தலையிலேயே விழக்கூடும். ஒரு நாள் அலட்சியத்துக்காகப் பாட்டன் தேடிய நிலத்தை விற்க வேண்டிய நிலை எவருக்கும் வரலாகாது.

சிறு சரக்கு வண்டி வைத்திருப்போருக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தைத் தனிச் சான்றின்றியே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது.

ஊராட்சிகள் செய்யத்தக்க பணிகள்

இத்துறையில் ஊராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை பல. ஊர்ப் பொது நிலத்தில் குறித்த நேரத்தில் பயிற்சிக்கு ஒரு திடலை ஒதுக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாரையும் காவல் துறையினரையும் அழைத்து, அறுவடைக்கு முன் ஆண்டுக்கு ஒரு முறை டிராக்டர் ஓட்டுவோர் கூட்டம் நடத்தலாம். டிரெய்லர்களுக்கு ஒளிப்பட்டை ஒட்டும் நாளொன்றை வைக்கலாம். கேஜ் வீல் பூட்டிய டிராக்டரைத் தார்ச் சாலையில் ஓட்டிச் சாலையைப் பாழாக்குவதையும், நெல்லைச் சாலையிலே உலர்த்துவதையும் எடுத்துச் சொல்லித் தடுக்கலாம். அதற்குரிய களம் அமைத்துக் கொடுத்தால் உழவர் தாமே சாலையை விட்டு விலகுவர்.

பெண்களையும் இப்பயிற்சியில் சேர்த்தல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி, 1993-ஆம் ஆண்டிலேயே அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியேற்றார். கனத்த கியர்த் தண்டும் பெரிய ஸ்டியரிங்கும் கொண்ட பேருந்தை ஒரு பெண் ஓட்ட முடியுமெனில், நள்ளிரவில் நோயுற்றவரை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் செல்ல வீட்டுப் பெண்களால் முடியாதா?

விபத்து நேர்ந்துவிட்டால் கூடி நின்று வேடிக்கை பார்க்காமல், உடனே 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவுபவரைத் துன்புறுத்தாமல் காக்கும் பிரிவு 2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கியது. இதனை ஊரார் அனைவரும் அறியும்படி செய்தல் உறுப்பினர்களின் கடமையாகும்.

கியர் இல்லாத மின்சாரக் கார்கள் இப்போது பெருகி வருகின்றன. எனினும் வயலில் உழும் டிராக்டரும், விளைபொருளை ஏற்றும் சுமை வண்டிகளில் பெரும்பாலானவையும் இன்றும் கியரையும் கிளட்சையும் நம்பியே ஓடுகின்றன. கற்பது ஒரு மாத காலம். பயன்படுவதோ ஆயுள் முழுவதும். ஆகவே விவசாயப் பெருமக்கள் தம் பிள்ளைகள் கையில் சாவியைக் கொடுக்குமுன் முறையான பயிற்சியையும் உரிமத்தையும் பெற்றுத் தருவார்களாக. உழைத்துச் சேர்த்த பொருளும், அதை ஏற்றிச் செல்லும் மக்களும், மாலையில் நலமாக வீடு திரும்புதலே மெய்யான கிராம முன்னேற்றம்.